நிற்க வந்தவர்கள்

மேலக்கழனியில் ஐந்து பேர் காத்திருந்தால்தான் மின்ரயில் நிற்கும். நடைமேடைக் கேமரா எண்ணிப் பார்க்கும். ஆள் குறைந்தால் வண்டி அப்படியே போய்விடும். அதனால் ஒருவருக்கு அவசரமென்றால் தெருக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர் ஏறியதும் வீடு திரும்புவார்கள். யார் கூப்பிட்டாலும் நிரஞ்சனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவாள்.

அன்று அவள் கணவன் தணிகாவுக்கு டயாலிசிஸ். இருவரும் கிளம்பினார்கள். தெருவே வந்து நின்றது.

"கல்யாணக் கூட்டமே சேர்ந்துடுச்சு. மாமா, மாலை எங்க?" என்றாள் எதிர்வீட்டு பர்வீன். வீங்கிய காலைத் தடவியபடி தணிகா சிரித்தான்.

வண்டி நிற்காமல் போனது.

நடைமேடைத் திரையில் விளக்கம் வந்தது. கேமரா இப்போது முகங்களையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. நின்றுவிட்டு ஏறாமல் போகிறவர் ஒரு மாதத்துக்குக் கணக்கில் வரமாட்டார். வேலைக்குப் போக அங்கே நின்ற மூவரையும் தணிகாவையும் மட்டுமே அது எண்ணியிருந்தது. ஐந்தாவதாக நிரஞ்சனா இருந்திருக்க வேண்டும். போன வாரம்தான் பர்வீனின் மகளுக்காக வந்து நின்றிருந்தாள்.

அந்தத் தடை முடியும்வரை ஆட்டோவில் அலைந்தார்கள். அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

நிரஞ்சனாவின் முகம் கணக்கில் திரும்பச் சேர்ந்த மறுநாள் காலை பர்வீன் கதவைத் தட்டினாள்.

"அக்கா, பொண்ணுக்குப் பரீட்சை. ஒரே ஒரு ஆள்தான் குறையுது. சும்மா வந்து நில்லுக்கா."

நிரஞ்சனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் கேட்காமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.