கேட் பாஸ் இல்லாத ஃப்ளாப்பி

"பையில இன்னா புள்ள? எடு வெளிய."

தொழிற்சாலை கேட்டில் திம்மப்பன் கையை நீட்டினார். ஓசூர் சிப்காட்டில் இருபது வருஷமாக வாட்ச்மேன். யாரையும் நம்பாத ஆள்.

கம்ப்யூட்டர் பிரிவு முனிலட்சுமி ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் காட்டினாள். "என் சொந்தம், தாத்தா."

"தெனம் ஷிப்டு முடிஞ்சும் ஒக்காந்து தட்டிகினு இருக்கியே, அதுதான உள்ள இருக்குது?"

"ஆமா. ஆனா கம்பெனியோடது இல்ல. வெப்சைட் கட்டறதுக்கு ஒரு புரோகிராம். பல தேசத்துக்காரங்க சேந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கங்கன்னு வுட்டுட்டாங்க."

"சும்மாவா? சும்மா குடுக்கறவன நான் பாத்ததில்ல. நீயும் எழுதினியா?"

"இல்ல. நான் பேக்கிங் மட்டும்தான்."

"பேக்கிங்கா?"

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரையே ஓட்டறது, அதுவும் சும்மாதான். அதுக்குப் பொதுவா ஒரு கிடங்கு. புரோகிராம அப்படியே போட்டா ஒரு மிஷின்ல ஓடும், இன்னொண்ணுல ஓடாது. கூட எதெது வேணும், எது எங்க போவணும், எழுதினது யாரு, எல்லாம் சீட்டு ஒட்டிக் கட்டி வச்சா, கேக்கறவங்க மிஷின்ல தானா போயி ஒக்காந்துக்கும். நாலு மாச வேலை. மூணு தரம் தப்புன்னு கிடங்குக்காரங்க திருப்பிட்டாங்க. இன்னிக்கி ஏழு மணியோட வாங்கறத நிறுத்திடுவாங்க. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர்ல இருந்து அனுப்பணும். வுட்டா அடுத்த வருசம்தான்."

"ஒனக்கு இன்னா குடுப்பான்?"

"ஒண்ணுமில்ல. பாத்துக்கற ஆளுன்னு என் பேரு இருக்கும். ஓடலன்னா எனக்குத்தான் லெட்டர் வரும்."

"திட்டு வாங்கவா நாலு மாசம்?"

அவர் கேட்டுக்கு வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு ஃப்ளாப்பியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"கேட் பாஸ் இல்லாம ஒரு துரும்பு வெளிய போவாது. நட."

"தாத்தா, ஒங்க கால்ல வேணா..."

"நடன்னேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு ஆட்களோடு நின்றிருந்தார். கேட்டைத் தாண்டினால்தானே திருட்டு. பையைக் கவிழ்த்தார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, சீப்பு.

"கம்பெனி சாமான் எங்க?"

"எங்கிட்ட ஒண்ணுமில்ல, சார்."

இன்னொரு முறை உதறிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து, டியூட்டி மாற்றிவிட்டு சைக்கிளில் வந்தார் திம்மப்பன். சட்டைக்குள்ளிருந்து ஃப்ளாப்பியை எடுத்து நீட்டினார்.

"பஸ்ஸு வருது பாரு, ஏறு. ஆறுதான் ஆவுது."

"இத எப்படி வெளிய..."

"வாட்ச்மேன் மடியப் புடிச்சிப் பாக்கறதுக்கு எவன் இருக்கான்?"

"அவங்க இங்க நிப்பாங்கன்னு ஒங்களுக்கு எப்படி தாத்தா தெரியும்?"

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

"நேத்து ஒன்னப் போட்டுக் குடுத்ததே நான்தான்."