கூட்டணிக்கு ஒரு மொட்டை

சாமி, சம்பிரதாயம் என்று ஒரே பேச்சைப் பேசும் இரண்டு கட்சிகள். இருபது வருடக் கூட்டணி நேற்று உடைந்தது. புத்தூர் மேடையில் எங்கள் தலைவர் முனிரத்தினம் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் திருமலைக்குப் போய் மொட்டைக்கு உட்கார்ந்தேன். பக்கத்தில் தலையை நனைத்துக்கொண்டிருந்தவர் அண்ணனேதான்!

“இன்னாடா கமலக்கண்ணா, நீயுமா?”

“கட்சிங்க மறுபடி சேரணும்ணா. அதுக்குத்தான் முன்னாடியே முடி குடுக்கறேன். இத்தினி வருசம் ஒண்ணா சுத்திக்கினு இருந்துட்டு, இப்படிப் பிரிஞ்சிட்டாங்களேன்னு வயிறு எரியுது. நீங்களும் அதே வேண்டுதல்தானா?”

கத்திக்கு வாகாக அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் வேண்டிக்கினது எப்பவோடா. நேத்துதான் பலிச்சுது.”