வாசலை அடைக்கும் குளிசை

"உண்மையைச் சொல்லுங்க. வேற ஏதும் மருந்து, குளிசை போடுறீங்களா?"

டொக்டர் தங்கேஸ்வரி இப்படிக் கேட்டதும் முனவ்வறா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கணவனைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.

"குளிசையா? எனக்கென்ன வருத்தம், குளிசை போட?" என்றார் மீராசா. "இந்தப் போகமும் ஆறு ஏக்கர் வெள்ளாமை நான்தான் செஞ்சன். கால் மட்டும்தான் வீங்கியிருக்கு."

டொக்டர் குனிந்து அவருடைய கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

இரண்டு மாதமாக இப்படித்தான். செருப்புக்குள் கால் நுழையவில்லை. தொழுதுவிட்டு எழும்பினால் தலை சுற்றியது. போன கிழமை வயல் வரம்பில் நடக்கும்போது சரிந்து சேற்றில் விழுந்தார். அவருடன் கூடப் பிறந்த மூத்தவரான காக்காவும் இப்படிக் கால் வீங்கித்தான் கிட்னி பழுதாகி மௌத்தானார். அந்தப் பயத்தில்தான் முனவ்வறா அவரை இறக்காமம் ஊரிலிருந்து கல்முனை நகரத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"கிட்னி றிப்போட் நல்லம். ஈரலும் நல்லம்," என்றார் டொக்டர். "ஆனா பிரஷர்தான் தொண்ணூறில கிடக்கு. ஏன் இவ்வளவு இறங்கினதெண்டு எனக்கு விளங்கல்ல. பக்கத்து அறையில ஈசீஜி எடுத்திட்டு வாங்க."

மீராசா எழுந்து போனார். கதவு சாத்தியதும் முனவ்வறா கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள்.

"நான்தான் டொக்டர்."

"என்னது?"

"நான்தான் அவருக்குக் குளிசை குடுக்கிறன். அவருக்குத் தெரியா."

டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். முனவ்வறாவுக்கு அழுகை முட்டியது.

"போன வருசம் எங்கட ஊரில ஒரு மெடிக்கல் காம்ப் வெச்சாங்க. இவருக்குப் பிரஷர் நூற்றி எண்பது. குளிசை எழுதிக் குடுத்தாங்க. வீட்ட வந்து அந்த மருந்துத் துண்டைக் கசக்கி எறிஞ்சிட்டார். எனக்கு ஒன்டும் இல்ல, குளிசையைக் கையாலயும் தொடமாட்டன் எண்டு சத்தம் போட்டார். ஒன்பது மாசம் கெஞ்சிப் பார்த்தன். கேக்கல்ல. பிறகு பக்கத்து வீட்டு ஆள் பாரிசவாதத்தில ஒரு பக்கம் இழுத்து விழுந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்ல டொக்டர். எடுத்து வெச்சிருந்த துண்டைக் காட்டி பாமசியில வாங்கினன். மூணு மாசமா காலையில அவர்ர பிளேன்டீயில தூளாக்கிப் போடுறன்."

"என்ன குளிசை?"

அவள் கைப்பையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம்.

"ஒரு நாளைக்கு ஒன்டுதானா?"

"ஓம். அல்லாஹ் அறிய ஒன்டுதான். நான் அவருக்கு நஞ்சா குடுத்திட்டன்?"

"நஞ்சில்ல. கேளுங்க. இரத்தக் குழாய்ச் சுவரில சின்னச் சின்னத் தசைக் கலங்கள், செல் எண்டு சொல்லுவாங்களே, அது இருக்கு. ஒவ்வொரு கலத்திலயும் கல்சியம் உள்ளுக்குப் போற வாசலுகள் இருக்கு. கல்சியம் உள்ளுக்குப் போனாத்தான் கலத்துக்குச் சுருங்கச் சொல்லிச் செய்தி கிடைக்கும்."

"கல்சியம் எலும்புக்கெண்டுதானே சொல்லுவாங்க?"

"எலும்புக்கு மட்டுமில்ல. செய்தி கொண்டு போறதும் அதுதான். செய்தி கூடிப் போனா குழாய் இறுகிப் பிரஷர் ஏறும். இந்தக் குளிசை அந்த வாசலுகளை அடைக்கும். குழாய் தளரும், பிரஷர் இறங்கும். சில பேருக்குத் தண்ணி கசிஞ்சு கணுக்காலில தேங்கும். அதுதான் வீக்கம்."

முனவ்வறா தன் நெஞ்சில் கை வைத்தாள்.

"இதயத்திலயும் அந்த வாசல் இருக்கா டொக்டர்?"

"இருக்கு."

"அதையும் நான் அடைச்சிட்டனா?"

"இந்தக் குளிசை கூடுதலாக் குழாயிலதான் வேலை செய்யும். எதுக்கும் ஈசீஜியைப் பார்ப்பம்."

தாதி கொண்டு வந்த ஈசீஜித் தாளை டொக்டர் விரித்து, முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகப் பார்த்தார். முனவ்வறாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

"இதயம் நல்லாயிருக்கு," என்றார் டொக்டர்.

"அல்ஹம்துலில்லாஹ்!"

"ஆனா இந்த ஒரு குளிசைக்கு இவ்வளவு வீங்கி, பிரஷரும் இப்படி இறங்குறது அபூர்வம். சிலருக்கு உடம்பு தாங்காதுதான். நீங்க கலக்கிக் குடுக்கிறதை இன்டைக்கே நிப்பாட்டுங்க. அவர்ட்டயும் நீங்களே சொல்லணும்."

"சொன்னா, பிறகு என்ட கையால தண்ணியும் குடிக்கமாட்டாரே டொக்டர்."

"குடிக்காட்டியும் சொல்லணும். தெரியாம மருந்து குடுக்கிறது பெரிய ஆபத்து."

"சொல்லுறன். பஸ்ஸில வெச்சுச் சொல்லுறன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவி வருவதாகச் சொல்லி அவள் வெளியே போனாள். சேர்ட் பொத்தான்களைப் பூட்டியபடி மீராசா உள்ளே வந்தார். கதிரையில் இருக்கும் முன் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"அவ வாறதுக்குள்ள ஒன்டு சொல்லணும் டொக்டர். குளிசை போடல்ல எண்டு சொன்னது பொய்."

எழுதிக்கொண்டிருந்த டொக்டரின் கை நின்றது.

"அவட வாப்பா பிரஷர் கூடித்தான் மௌத்தானார். போன வருசம் ஊரில வெச்ச மெடிக்கல் காம்ப்ல எனக்கும் பிரஷர் எண்டதும் அவ நடுங்கிப் போயிட்டா. அதுதான் அவக்கு முன்னால மருந்துத் துண்டை எறிஞ்சு, ஒன்டும் இல்லாத மாதிரிக் காட்டினன்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த நாளே ஆஸ்பத்திரி கிளினிக்கில போய்ப் பதிஞ்சிட்டன் டொக்டர். ஒரு வருசமா ஒரு நாளும் விடாம அம்லோடிபின் போடுறன். அவக்கு மட்டும் சொல்லிராதிங்க, பயந்திருவா!"