அத்தரின் சந்தேகம்

ஆய்வுக்கூடத்து மேசைக்கு ஒரு சின்னக் குப்பி மல்லிகை அத்தர் வந்து சேர்ந்தது. அது கலப்படம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அதற்கு நிம்மதியே இல்லை.

“நான் அசல் மல்லிகைதானே?” என்று பக்கத்திலிருந்த பரிசோதனை இயந்திரத்திடம் கேட்டது.

“ஒரு துளி கொடு. ஆவியாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.”

“அந்தத் துளி திரும்பி வருமா?”

“வராது. பதில் மட்டும்தான் வரும்.”

அத்தர் தயங்கித் தயங்கி ஒரு துளியைக் கொடுத்தது.

“பாதி மல்லிகை, பாதி வேறு சரக்கு,” என்றது இயந்திரம்.

அத்தர் நம்ப மறுத்தது. “நீ தப்பாகப் பார்த்திருப்பாய். இன்னொரு துளி எடுத்துக்கொள்.”

பதில் மாறவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று அழுதுகொண்டே கொடுத்தது. “போதும், இருப்பதையாவது வைத்துக்கொள்” என்று இயந்திரம் கெஞ்சியதை அது காதில் வாங்கவே இல்லை. கடைசித் துளிக்கும் அதே பதில்தான் வந்தது.

காலிக் குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டார்கள். கூடை மூச்சை ஆழ இழுத்து, “அடடா, என்ன மல்லிகை வாசம்! யாருப்பா அது?” என்று கேட்டது.

குப்பிக்குள் பதில் சொல்ல யாரும் இல்லை.