முதல் மாடித் தண்ணீர்

அலாரம் அலறியது.

வெல்லம் கரைத்துக்கொண்டிருந்த செந்தூர்வேல் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

முத்தையாபுரம் அபார்ட்மெண்டின் பின்பக்கம் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம். அவன்தான் ஆபரேட்டர். வீடுகளின் தண்ணீர் வந்து சேரும் தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து?

பரீட்சை லீவு. பன்னிரண்டு வீடுகளில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. தண்ணீர் அதிகம் வராததால் அந்தத் தொட்டியின் மோட்டாரையே நிறுத்தியிருந்தான். அடுத்த தொட்டியில் ப்ளோயர் மட்டும் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அங்கே கழிவைத் தின்று வாழும் கிருமிகள் தீனியில்லாமல் கிடந்தன. செத்துவிட்டால் மறுபடி வளர்த்தெடுக்க ஒரு மாதம். அதற்குத்தான் வெல்லம்.

பூட்டாத ஒரே வீடு முதல் மாடி. ஜெபகனியக்கா தனியாக இருந்தாள். கணவர் அமலன் சரக்குக் கப்பலில். போய்ப் பதினோரு மாதம்.

போன வாரம்தான் கேட்டிருந்தான். "ஒத்த ஆளு தண்ணி எங் கிருமியளுக்குக் காணாதுக்கா. அண்ணன் எப்ப வாராக?"

"வெள்ளிக்கிழம வாராக லே. வந்தா மூணு நேரம் குளிப்பாக. உங் கிருமியளுக்கு வயிறு முட்டிப்போவும் பாரு."

இன்று வெள்ளிக்கிழமை.

மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தான். முதல் மாடிக் குழாய். சோப்பு நுரை பொங்கி வந்தது. கூடவே அரிசி களைந்த தண்ணீரின் வெண்மை. மீன் கழுவிய வாடை.

அண்ணன் வந்துவிட்டார்!

வெல்ல வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறினான்.

கதவு திறந்திருந்தது. மேசையில் இரண்டு தட்டுகள். சீலாமீன் குழம்பு ஆடை கட்டியிருந்தது. பால்கனிக் கொடியில் அண்ணனின் சட்டைகள் ஏழெட்டு சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஷவர் கொட்டும் சத்தம்.

"அண்ணன் குளிக்காகளோ?"

ஜெபகனி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

குளியலறைக் கதவு காற்றில் மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. ஷவர் மட்டும் ஆளில்லாத தரையில் பெய்துகொண்டிருந்தது.

காய் அலசிய தண்ணீரைக்கூடக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறவள் அவள். ஷவரை மூட அவன் கை நீட்டினான். அவள் தடுத்தாள்.

"கப்பல் வேலய இன்னும் ஆறு மாசம் நீட்டிட்டாகளாம் வேலு. உங் கிருமியளாவது அவுக வந்துட்டாகன்னு நெனச்சிக்கிடட்டும்."