காலணிக் காப்பகம்

சூரியனைப் புகை மூடிவிட்ட அந்நகரத்தின் நடுவில், மக்களை விண்ணுலகுக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லப்பட்ட கோபுரம் நின்றது. வெறுங்காலுடன் மட்டுமே உள்ளே நுழையலாம். வாயிலில் கனகாம்பிகை செருப்புகளைப் பெற்றுக்கொண்டு டோக்கன் வழங்கிவந்தாள். பதினோரு ஆண்டுகளில் ஒரு டோக்கனும் அவளிடம் திரும்பி வந்ததில்லை. அன்று காலை அவள் கோபுர அதிகாரியிடம் அதைப் பற்றி வினவினாள்.

“திரும்பியே வராதவங்களுக்கு எதுக்குங்க டோக்கன்?”

நெற்றித் திருநீறு கலையாதபடி அவர் புன்னகைத்தார். “டோக்கன் குடுக்கலேன்னா ஒருத்தரும் உள்ள போகமாட்டாங்கம்மா.”

அவ்விடையை அவள் மனத்துள் புரட்டிக்கொண்டிருந்தபோது, வரிசையின் முன்னால் தன் தம்பி நீலமேகம் வந்து நிற்பதைக் கண்டாள். அவன் புது வேட்டி உடுத்தியிருந்தான்.

“என்னக்கா முறைக்கிற? மேல போனதும் உனக்கும் ஒரு எடம் பிடிச்சு வைக்கிறேன்.” செருப்புகளைக் கழற்றி நீட்டினான். “பத்திரமா வையி, புதுசு.”

மேசை இழுப்பறையில் நூற்றுக்கணக்கான டோக்கன்கள் இருந்தன. கனகாம்பிகை அதை மூடினாள்.

“டோக்கன் தீந்துபோச்சுடா.”

“வெளையாடாதக்கா. அப்புறம் செருப்பை எப்படித் திரும்ப வாங்குறது?”

தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தவனைப்போல் நீலமேகம் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் செருப்புகளைக் கையில் ஏந்தியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வரிசை நகரவில்லை. அதிகாரி தம் இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்தார்.