வாய்ப்பூட்டு

"நாக்குல இருந்த கட்டியைத்தானே வெட்டச் சொன்னோம்? அவன் வாய்க்கே பூட்டு போட உனக்கு யாருடி அதிகாரம் கொடுத்தா?"

கதவைத் திறந்த தம்பி பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கூடத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி?"

அக்கா அதையே இன்னும் உரக்கச் சொன்னாள். உரக்கப் பேச அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் படியேறும்போதே "ஒலிபெருக்கி வந்தாச்சு!" என்று உள்ளேயிருந்து அறிவிப்பதுதான் தம்பியின் வழக்கம். மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விடுகிறவன். அவன் தொண்டையும் லேசுப்பட்டதல்ல.

எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால். தாடையில் எலுமிச்சம்பழம் கணக்காக ஒரு கட்டி, நாக்கின் ஓரத்தில் புளியங்கொட்டை கணக்காக ஒன்று. இரண்டையும் ஒரே மயக்கத்தில் வெட்டி எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று பரிசோதனையிலும் வந்துவிட்டது. நாக்கில் மட்டும் ஒரு துண்டு குறைச்சல்.

"ரெண்டு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று தம்பி பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர்களுக்குத் தம்பி தலையை ஆட்டுவதோடு சரி.

இன்றைக்கு மூட்டுவலி என்று அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக, அதே டாக்டர் எதிரே வந்து மாட்டிக்கொண்டார்.

"அவர் தலையில அடிச்சுக்கிறார்டி! காயம் ஆறினதுமே பேசச் சொன்னாராம். பேசப் பேசத்தான் நாக்கு வசத்துக்கு வருமாம். இல்லேன்னா ஏலத்தை மறந்துட வேண்டியதுதானாம். அவன் பொழைப்பே வாயிலதான் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"மெதுவா, அண்ணி."

"நான் மெதுவா பேசணுமா? முதல்ல இந்தச் சனியனைக் குறை!"

"இருக்கட்டும் அண்ணி. இப்பத்தான் நிம்மதியா டி.வி. பார்க்கக் கொடுத்து வச்சிருக்கு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படிச் சொல்லு! இத்தனை வருஷமா ரிமோட் அவன் கையில இருந்துச்சு. இப்ப அவனை வாயில்லாப் பூச்சியாக்கிட்டு நீ ராஜாங்கம் பண்றே. பார்க்கிறதுதான் பார்க்கிறே, ஒரு நாடகம், ஒரு பாட்டுன்னு பார்க்கக் கூடாதா? குத்துச்சண்டை! எறும்பை மிதிச்சாலே பாவம்னு ஒதுங்கிப் போறவ நீ!"

தம்பி பெண்டாட்டியின் கண் டி.வி.யில் இல்லை. மூடியிருந்த உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே அவன்?"

"உள்ளே படுத்திருக்கார்."

"படுக்க வச்சுட்டே! ஆபரேஷன் முடிஞ்சு அன்னிக்கு போன்ல என்கிட்ட நல்லாத்தானே நாலு வார்த்தை பேசினான்? குடிகாரன் கணக்கா குழறினான், அவ்வளவுதான். 'என்னடா, காலங்கார்த்தாலேயே தண்ணி போட்டுட்டியா'ன்னு நான்கூட விழுந்து விழுந்து சிரிச்சேன். அதுக்கு மறுநாளே டாக்டர் சொன்னார்னு பூட்டைப் போட்டியே, மகராசி!"

சொன்ன கையோடு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். ரிமோட்டைப் பிடுங்கினாள். டி.வி.யை அணைத்தாள்.

"ஐயோ, அண்ணி!"

வீடு கப்சிப் ஆனது. உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"ஒயி... ஒயிபெயுக்கி வந்தாச்சு... ச்சே! ஒயி... ஒயிபெ... ஒலி..."

பிறகு சட்டென்று நின்றுபோனது. வெளியே சத்தம் இல்லாததை அவன் கவனித்துவிட்டான்.

தம்பி பெண்டாட்டி அக்காவின் காதோரம் குனிந்தாள்.

"அந்த போனுக்கு அப்புறம் யார் முன்னாடியும் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டார். பேச்சு சரியாகிற வரைக்கும் தலையாட்டறதோட சரியாம். அதான் டாக்டர் மேல பழியைப் போட்டேன். இந்தச் சத்தம் இருந்தாத்தான் அண்ணி பேசிப் பழகறார்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவளுக்கே காதில் கேட்டது. தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? கனைத்துச் சரிசெய்துகொண்டாள்.

"அட கண்றாவியே! இப்பத்தான்டி உள்ளே நுழையறேன். வந்ததும் வராததுமா ரிமோட் மேலயே உட்கார்ந்து தொலைச்சிருக்கேன் பாரு, டி.வி. அணைஞ்சே போச்சு!" என்று உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

டி.வி.யைப் போட்டாள். சத்தத்தை முழுசாக ஏற்றினாள். அதுவும் போதாதென்று தோன்றியது போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் கேட்கக் கூச்சல் போட ஆரம்பித்தாள்.

"விடாதேடா! எழுந்திரு! இன்னொரு தடவை! அப்படித்தான், விடாதே!"

டி.வி.யில் அப்போது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.